ஊமையன் கோட்டை

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகிற வழியில் திருமயம். அங்கே பாறைக் குன்றின் மேல் நிற்கும் கோட்டையை ஊரார் 'ஊமையன் கோட்டை' என்பார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே பதுங்கியிருந்தார் என்று ஒரு கதை. இல்லை, சிறை வைக்கப்பட்டிருந்தார் என்று இன்னொரு கதை.

கோட்டையைக் கட்டியவர் சேதுபதி மன்னர், ஆண்டு 1687. ஊமைத்துரை காலத்துக்கு நூறு ஆண்டுக்கும் முந்தையது. கட்டபொம்மன் 1799-இல் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில்தான் பிடிபட்டார். அதை ஒட்டியே இந்தக் கதை முளைத்திருக்க வேண்டும். ஊமைத்துரை சிறையிருந்ததும், 1801 பிப்ரவரியில் தப்பியதும் பாளையங்கோட்டையில். அதே ஆண்டு நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஒரு காலத்தில் ஏழு சுற்று மதில் இருந்ததாம். இன்று பல இடங்களில் இடிந்து கிடக்கிறது. உச்சியில் பழைய பீரங்கி இருக்கிறது. பாதி வழியில், பாறையைக் குடைந்த சிறு சிவன் சன்னதி. அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள்.

கட்டிய சேதுபதியை ஊர் மறந்துவிட்டது. கால் வைத்தாரோ இல்லையோ, ஊமைத்துரைக்கே பட்டா எழுதிவிட்டது!

அந்தப் பக்கம் போனால் ஏறிப் பாருங்கள் நேயர்களே; வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுங்கள்.