எருவிட்ட மண்ணில் யூரியா இடலாமா?

இடம்பெயர்ந்த குடும்பங்களின் வீட்டுத்தோட்டம் சிறியது. கொட்டிலின் பின்புறம் இரண்டு பாத்தி, வேலியோரம் நாலு முருங்கை, கிணற்றடியில் பத்துக் கத்தரி, பழைய உரபாக்கில் மண் நிரப்பி நட்ட மிளகாய்க் கன்றுகள். ஊரில் பல பரப்புத் தோட்டம் செய்த கைகளுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆயினும் மாதக் கடைசியில் கறிச்சட்டிக்கு வழி காட்டுவது இத்தோட்டமே.

இவ்வாறான தோட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "எருவும் குழையும் போட்டு மண்ணைத் தேற்றி வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் கன்று மஞ்சளடிக்கிறது. ஒரு பிடி யூரியா போட்டால் என்ன?" இதற்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. யூரியா நஞ்சு, அது பட்டால் மண் செத்துவிடும் என்பார் ஒருவர். எருவை நம்பினால் காய் பறிக்க முடியாது, உரம்தான் வேண்டும் என்பார் மற்றவர். இரண்டிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே முழு உண்மை அல்ல.

செடி எதை உண்கிறது?

செடியின் வேர் நைதரசனை முக்கியமாக அமோனியமாகவும் நைத்திரேற்றாகவுமே உறிஞ்சுகிறது. மாட்டெருவில் உள்ள நைதரசனை நுண்ணங்கிகள் மெல்ல மெல்ல இந்நிலைக்குக் கொண்டுவருகின்றன. யூரியா ஈர மண்ணில் விழுந்ததும் சில நாட்களிலேயே அமோனியமாகிறது, பின்னர் நைத்திரேற்றாகிறது. வேருக்கு வந்து சேரும்போது இது எருவிலிருந்து வந்தது, அது பையிலிருந்து வந்தது என்ற பேதம் இல்லை. பேதம் வேகத்திலும் அளவிலும்தான் உள்ளது.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவை எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ யூரியாவில் உள்ளதைப் பெற 46 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதல் போகத்தில் செடிக்குக் கிடைக்கும்.

அப்படியானால் எரு எதற்கு? மண்ணை மண்ணாக வைத்திருப்பதற்கு. அது மணலில் நீரைப் பிடித்து வைக்கிறது, களியைப் பொலபொலப்பாக்குகிறது, மண்புழுவுக்கு உணவாகிறது, இட்ட உரத்தைக் கழுவுண்டு போகவிடாமல் தாங்குகிறது. இங்கிலாந்தில் றொதம்ஸ்ரெட் என்னும் இடத்தில் 1843 ஆம் ஆண்டு தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் நடைபெறுகிறது. எரு மட்டும் இட்ட துண்டும் உரம் மட்டும் இட்ட துண்டும் நெடுங்காலம் ஏறத்தாழ ஒத்த விளைச்சலையே தந்தன. ஆனால் எருவிட்ட துண்டின் மண்ணில் சேதனப் பொருள் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகியது. புதிய இனங்களைப் பயிரிட்டபோது, எருவோடு நைதரசன் உரமும் சேர்ந்த துண்டுகளே மிகக் கூடிய விளைச்சலைத் தந்தன. ஆகவே அளவோடு இட்ட உரம் எருவின் வேலையைக் கெடுப்பதில்லை. அளவு மீறும்போதுதான் அதன் உப்புத்தன்மை வேரைச் சுடுகிறது, மண்புழுவை விரட்டுகிறது.

இரண்டு தடைகள்

எம்மவர்க்கு இப்பாடம் புதிதல்ல. 1990 களில் யுத்தத்தின்போது வடக்கிற்கு யூரியா கொண்டுவருவது தடைசெய்யப்பட்டிருந்தது. பூவரசங்குழை தாழ்த்தல், பழைய பனையோலை புதைத்தல், மாட்டுப்பட்டி அடைத்தல் ஆகிய முன்னோர் வழிகளே அப்போது கைகொடுத்தன. மீண்டும் 2021 மே மாதத்தில் முழு நாட்டுக்குமே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. போதிய சேதனப் பசளை கையிருப்பில் இல்லாமலே வந்த அத்தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது, நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. எருக்கிடங்கு வைத்திருந்தவர் ஓரளவு தாக்குப்பிடித்தார். உரப்பையை மட்டும் நம்பியிருந்தவர் கைவிடப்பட்டார். எருவை ஒரே நாளில் உண்டாக்க முடியாது என்பதையும் அந்த ஆண்டு காட்டியது.

மஞ்சள் எல்லாம் பசியல்ல

யூரியாப் பையைத் திறக்குமுன் கன்றை உற்றுப் பாருங்கள். அடியிலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளானால் அது பெரும்பாலும் நைதரசன் குறைவு. முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகினால் பொற்றாசியம் குறைவாக இருக்கலாம். இளங்கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு கூடிய குடாநாட்டு மண்ணில் இதனைக் காணலாம். இதற்கு யூரியா இட்டுப் பயனில்லை. வேரில் தண்ணீர் தேங்கினாலும் கன்று மஞ்சளடிக்கும். அதற்கு மருந்து வடிகால்.

இன்னொரு காரணமும் உண்டு. பச்சை வைக்கோல், மரத்தூள், பதப்படாத தும்புத்தூள் ஆகியவற்றை மண்ணோடு கலந்தால், அவற்றை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் மண்ணில் உள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும். கன்று பட்டினி கிடக்கும். எருவிட்டும் கன்று தேறவில்லை என்று வருந்துவோர் பலரின் தோட்டத்தில் நடப்பது இதுதான். உக்காத பொருளை மண்ணுள் புதைக்காமல் மேலே மூடுபடையாக இடுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டால் சிறிதளவு யூரியா அங்கே உண்மையில் உதவும்.

பிடியல்ல, கரண்டி

ஒரு பிடி யூரியா சுமார் 30 கிராம் இருக்கும். எருவிட்ட மண்ணில் நிற்கும் ஒரு மிளகாய்க் கன்றுக்கு ஒரு தடவைக்கு 2 கிராம் போதும். அதாவது மட்டமாக அரைத் தேக்கரண்டி. ஒரு பிடியில் பதினைந்து கன்றுகளின் பங்கு அடங்கியிருக்கிறது.

பாக்கில் நடுவதானால் மேல்மண் இரண்டு பங்கும் நன்கு உக்கிய எரு ஒரு பங்கும் கலந்து நிரப்புங்கள். அடியில் நீர் வடியத் துளையிடுங்கள். முதல் மூன்று வாரம் உரம் எதுவும் வேண்டாம். அதன்பின் அடியிலை வெளிறினால் மட்டும், 10 லீற்றர் வாளித் தண்ணீரில் மட்டமாக 3 தேக்கரண்டி யூரியாவைக் கரைத்து, கன்றொன்றுக்கு அரை லீற்றர் வீதம் வேரடியில் ஊற்றுங்கள். ஒரு வாளி இருபது கன்றுகளுக்குக் காணும். மண் ஈரமாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். அடுத்த தடவைக்கு இரண்டு வாரம் பொறுங்கள். இலை கடும்பச்சையாக இருந்தால் அத்தடவையை விட்டுவிடுங்கள்.

பாத்தியில் மணியாக இடுவதானால், வளர்ந்த செடியின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு அங்குல ஆழத்தில் வட்டமாக இட்டு மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். வெயிலில் மண்ணின்மேல் தூவிவிட்டால் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். அடுப்புச் சாம்பலை யூரியாவுடனோ பச்சை எருவுடனோ சேர்க்க வேண்டாம். அதிலும் இதே நட்டம்தான்.

கோழியெரு இயற்கையானது என்பதற்காக அதனைப் பச்சையாக அள்ளிப் போடுவதும் தவறு. அதுவும் வேரைச் சுடும். அதனை உக்கவைத்தே இட வேண்டும். கடலோரத்தில் உவர் நீர் இறைப்போர் எல்லா உரத்தையும் மேலும் குறைக்க வேண்டும், உரமும் ஒருவகை உப்பே. கீரைக்கு உக்கிய எருவே போதுமானது.

அளவு மீறினால் செடி மதாளித்து வளரும், பூக்காது. இளசான இலையை நாடிச் சாறு உறிஞ்சும் பூச்சிகள் வரும். பிறகு பூச்சி மருந்துக்குக் காசு தேட வேண்டிவரும்.

கிணறு எட்டும் தூரத்தில்

பெரிய தோட்டக்காரருக்கு உரம் வீணானால் காசு நட்டம். சிறு வளவில் இருப்போருக்கு அதனிலும் பெரிய நட்டம் காத்திருக்கிறது. பாத்திக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே சில அடிகளே உள்ளன. செடி எடுக்காத நைத்திரேற்று மழையோடு கீழிறங்கும். குடாநாட்டின் சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால் அது விரைவில் தரைக்கீழ் நீரைச் சேரும். வலிகாமத்தில் தோட்டச் செய்கை செறிந்த பகுதிகளில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலாக நைத்திரேற்று உள்ள கிணறுகள் பல கண்டறியப்பட்டுள்ளன. உரம் மட்டுமல்ல, எருக்கும்பியும் மலசலகூடக் குழியும் இதற்குக் காரணம்.

இந்நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைச் சோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் யூரியா இடுவதைத் தவிருங்கள். கிணற்றைச் சுற்றியுள்ள பாத்திக்கு உரமே வேண்டாம். எருக்கும்பியையும் கிணற்றிலிருந்து விலக்கி, மழை படாமல் மூடி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. யூரியா பார்வைக்குச் சீனி போன்றது. ஒரே அறையில் சமையலும் படுக்கையும் உள்ள கொட்டிலில் அதனைப் பால்மாப் பேணியில் போட்டு வைக்காதீர்கள். பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிறர் காணியில் மண்ணை வளர்ப்பதா?

எருவைப் பற்றிப் பேசும்போது சிலர் கேட்பது இது: "நாளைக்கு எழும்பு என்றால் எழும்ப வேண்டிய காணி. இதற்கு எரு போட்டு யாருக்கு லாபம்?" நியாயமான கேள்வி. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோரில் ஒரு பகுதியினர் இன்றுவரை சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. சில நாட்களில் பச்சை காட்டும் யூரியாவை அவர்கள் நாடுவதில் வியப்பில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. எருவைக் காணி முழுவதும் பரப்பாமல் பாக்கிலும் நடுகைக் குழியிலும் மட்டும் இடுங்கள். பாக்கில் தேறிய மண் உங்களுடையது. பயிர் முடிந்ததும் அதே மண்ணில் புதிய எரு கலந்து மீண்டும் நடலாம். எழும்ப வேண்டி வந்தால் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகலாம். வேலியில் நட்ட கிளிரிசிடியா குழையும் தரும், வெட்டிய கதியால் அடுத்த இடத்திலும் முளைக்கும்.

லூக்கா நற்செய்தியில் வரும் காய்க்காத அத்திமரத்தின் உவமை எல்லோரும் அறிந்ததே. வெட்டிவிடச் சொன்ன உரிமையாளரிடம், சுற்றிக் கொத்தி எருப்போட்டுப் பார்க்க இன்னும் ஓராண்டு தரும்படி மன்றாடியவன் ஒரு தோட்டக்காரன். காணி அவனுடையதல்ல. பலனும் அவனுக்குரியதல்ல. ஆயினும் அந்த ஓராண்டை அவன் மரத்துக்காகக் கேட்டான்.

நினைவில் வைக்க:

1. எரு முதலில், யூரியா பின்னர், அதுவும் தேவை கண்டால் மட்டும்.
2. கன்றுக்கு அரைத் தேக்கரண்டி. பிடி வேண்டாம்.
3. ஈர மண்ணில் இட்டு மூடுங்கள். அடைமழைக்கு முன் இடாதீர்கள்.
4. சாம்பலோடு சேர்க்காதீர்கள்.
5. கிணற்றடிப் பாத்திக்கு உரம் வேண்டாம்.