பாட்டுக்கு ஒதுக்கிய இடம்

ஜீப்ரா ஃபிஞ்ச் குருவியின் மூளை அரை கிராம்கூட இல்லை. அதற்குள் சுமார் 13 கோடி நியூரான்கள். ஏறத்தாழ அதே எடையுள்ள சுண்டெலி மூளையில் 7 கோடிதான். இவ்வளவு நெருக்கடியான இடத்தில் பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

பாட்டைப் பொறுத்தவரை முக்கியமானவை எச்.வி.சி., ஆர்.ஏ. என்ற இரண்டு நரம்புத் திரள்கள். தாளக்கட்டு முதலாவதன் பொறுப்பு. 2008இல் மைக்கேல் லாங்கும் மைக்கேல் ஃபீயும் எச்.வி.சி.யைக் குளிரவைத்தார்கள், பாட்டு 45 சதவீதம்வரை மெதுவானது, ஒலியின் வடிவம் சற்றுதான் மாறியது.

இந்த இடம் நிலையானதல்ல என்று காட்டியவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ நாட்டெபோம். 1980இல் வளர்ந்த பெண் கானரிகளுக்கு அவர் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார். அவை பாடத் தொடங்கின, எச்.வி.சி. 90 சதவீதமும் ஆர்.ஏ. 53 சதவீதமும் பெருத்திருந்தன. மறு ஆண்டு ஆண் கானரிகளை அளந்தார். இலையுதிர் காலத்தைவிட வசந்தத்தில் எச்.வி.சி. 99 சதவீதம் பெரிது, அதாவது ஏறக்குறைய இரு மடங்கு. ஆர்.ஏ. 76 சதவீதம் பெரிது. ஆண் கானரி ஆண்டுதோறும் புதுச் சந்தங்களைச் சேர்த்துக்கொள்ளும் பறவை. 1983இல் ஸ்டீவன் கோல்ட்மனும் அவரும் வளர்ந்த கானரியின் எச்.வி.சி.யில் புது நியூரான்கள் பிறப்பதைக் கண்டார்கள். வளர்ந்த மூளையில் நியூரான் பிறக்காது என்றே அப்போது பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். இந்த வரவு எனக்கு இன்றும் வியப்பு.

இடம் கூடினால் பாட்டும் கூடுமா? அமெரிக்காவின் சதுப்பு ரென் குருவிகளை 1984இல் ஒப்பிட்டார்கள். நியூயார்க் பக்கத்து ஆண்களுக்கு ஏறத்தாழ 50 பாட்டு. கலிஃபோர்னியாவில் அதைப் போல மூன்று மடங்கு. மேற்குப் பறவைகளின் பாட்டுத் திரள்களோ 30 முதல் 40 சதவீதம்தான் பெரிது. மூன்று மடங்கு பாட்டுக்கு மூன்று மடங்கு இடம் தேவைப்படவில்லை.

ஆனாலும் பாடிப் பாடித்தான் இடம் பெருகியது என்று சொல்லத் தோன்றும். அதைத்தான் 1995இல் எலியட் பிரெனோவிட்ஸ் குழு சோதித்தது. கையில் வளர்த்த ரென் குஞ்சுகளில் சிலவற்றுக்கு 5 பாட்டு, சிலவற்றுக்கு 45 பாட்டு ஒலிபரப்பினார்கள். நிறையக் கேட்டவை நிறையக் கற்றன. பின்பு மூளையை அளந்தார்கள். எச்.வி.சி.யிலும் ஆர்.ஏ.விலும் இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. ஐந்தே பாட்டு கேட்ட குஞ்சுக்கும் நாற்பத்தைந்து கேட்ட குஞ்சுக்கும் ஒரே அளவு இடம்தான் இருந்தது.