மழைமானியும் டைப்ஸ்கிரிப்டும்

ஏ.பி.ஐ. (நிரல்கள் தரவு பரிமாறும் இடைமுகம்) ஒன்றிலிருந்து தரவு பெறும் சில்லறை வேலைகளைக் கிளையன்ட் லைப்ரரி பார்த்துக்கொள்கிறது. அனுமதிச் சாவியைச் சேர்த்து அனுப்புவது, பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்பது, பகுதி பகுதியாக வருவதை ஒன்றுசேர்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டில் எழுதிய லைப்ரரியானால், வரும் தரவில் எது எண், எது எழுத்து, எது வராமலும் போகலாம் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடும்.

வராமல் போகும் தரவுதான் இலங்கையின் பதுளை மாவட்டத்தில் உயிர்ப் பிரச்சினை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 100, 150 என ஏற ஏற எச்சரிக்கை கடுமையாகும். மழைமானி ஒன்று முதல் மணியில் 30, அடுத்த மணியில் 25 என்று அனுப்புகிறது. மூன்றாம் மணியில் சிக்னல் அறுந்து, அளவீட்டுக்குப் பதிலாக, மதிப்பு இல்லை என்று குறிக்கும் 'நல்' வருகிறது. டைப்ஸ்கிரிப்டுக்கு அடிப்படையான ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பூச்சியமாக எடுத்து 55 என்று கூட்டிவிடும். பிழையென்று ஒரு வார்த்தை சொல்லாது. அந்த மணியில் 40 கொட்டியிருந்தால் உண்மைக் கூட்டுத்தொகை 95. தேயிலைத் தோட்டத்தில் தராசு பழுதான நாளில் கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் 'பூச்சியம் கிலோ' என்று எழுதி, கொழுந்து பறித்தவர்களின் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, வெட்டுவது போன்ற அநியாயம் இது.

டைப்ஸ்கிரிப்ட் 2016இல் கொண்டுவந்த கடுமையான 'நல்' சோதனையை இயக்கி வைத்தால், இந்தக் கூட்டலை எழுதும்போதே அது மறிக்கும். பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு தொந்தரவென்று, எதையும் ஏற்கும் 'எனி' என்ற டைப்பைப் போட்டு அந்தச் சோதனையின் வாயை அடைப்பவர்கள் பலர். அது வெறும் சோம்பல்.

டைப்ஸ்கிரிப்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நிரல் ஓடும்போது டைப்கள் இருப்பதில்லை, தொகுக்கும்போதே நீக்கப்பட்டுவிடும். சேர்வர் 30ஐ எழுத்தாக அனுப்பினால், அதோடு 25ஐக் கூட்டும்போது 3025 வரும். ஆகவே ஸொட் போன்ற லைப்ரரியால் தரவை உள்ளே எடுக்கும் இடத்திலேயே சோதிக்க வேண்டும்.

இதே பதுளை மாவட்டத்தில், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்தன. அபாயம் பற்றி முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே குடியிருந்தார்கள். நிரலால் அவர்களுக்குப் பாதுகாப்பான காணி கொடுக்க முடியாது. ஆனால் மலையகத்துக்காக நிரல் எழுதும் இளைஞர்கள், அளவீடு வராத மணியைத் திரையில் 'அளவீடு இல்லை' என்றே காட்டட்டும்.