கட்சிக்காரர் இரகசியமும் கணினிக் காவலும்

நோயை மருத்துவரிடமும் வழக்கைச் சட்டத்தரணியிடமும் ஒளித்தல் ஆகாது என்பது உலகவழக்கு. ஒளியாது உரைப்பதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும். உரைத்த சொல் நான்கு சுவர்களுக்கு அப்பாற் செல்லாது என்பதே அந்நம்பிக்கை. இன்றோ அச்சொல் கணினியிற் பதிந்து, கம்பி வழியும் காற்று வழியும் உலகெங்கும் செல்லவல்லதாயிற்று. ஆகவே, சட்டத்தரணியின் நாவுக்கு இட்ட பூட்டு அவர்தம் கணினிக்கும் இடப்பட்டுள்ளதா என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும்.

நாவுக்குப் பூட்டிட்டது நம் நாட்டுச் சட்டமே. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், தம்மிடம் தொழில்முறையிற் சொல்லப்பட்டவற்றைக் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றிச் சட்டத்தரணி வெளியிடலாகாது என 126ஆம் பிரிவில் விதிக்கின்றது. சட்டவிரோதமான நோக்கத்தை நிறைவேற்றச் சொல்லப்பட்டவை இதற்கு விலக்காகும். வழக்கு முடிந்த பின்னரும் இக்கடமை முடிவதில்லை. அடுத்த பிரிவு இதனை எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர், பணியாளர் ஆகியோர்க்கும் உரித்தாக்குகின்றது. இரகசியம் கட்சிக்காரருக்கு உரியது; சட்டத்தரணி அதன் காவலர் மாத்திரமே.

முள்ளியவளை போன்ற ஊர்களில் இக்காவல் பெரும்பாலும் காணி பற்றியதாகும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும். அவ்வாறு எழுதிய உறுதியின் மூலம் உரிமையாளரிடமும், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்திலும், மூன்றாவது நொத்தாரிசிடமும் இருக்குமாறு 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் ஒழுங்கு செய்தது. இவ்வொழுங்கின் பயனை வன்னி மக்கள் நன்கறிவர். 2009இல் முடிந்த போரிலே வீட்டோடு உறுதியையும் இழந்தோர் பலர். வேறிடத்துப் பிரதி தப்பியிருந்தவர்க்கு வழி இருந்தது; எங்கும் பிரதி எஞ்சாதவர்க்கு அலைச்சலே எஞ்சியது.

தாள் உலகிற் களவு போன பொருள் அவ்விடத்தில் இராது, பெட்டகம் வெறுமையாகும், களவு உடனே தெரியவரும். கணினி உலகில் அவ்வாறன்று. கள்வன் பிரதியெடுத்துச் சென்ற பின்னரும் மூலம் இருந்தவாறே இருக்கும். உரியவர் பல மாதம் அறியாதிருத்தலுங் கூடும். பிறிதொரு வகைக் கள்வன் எதனையும் எடுத்துச் செல்லாமலே, கோப்புகளைத் திறக்கவொண்ணாதவாறு பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பான். இன்னொருவன் சட்டத்தரணியின் மின்னஞ்சலைப் போலவே பொய்யஞ்சல் அனுப்பி, காணி விலைப்பணத்தைத் தன் வங்கிக் கணக்கிற்குத் திருப்புவான். கனடாவிலும் பிரான்சிலும் வாழும் நம்மவர் அற்றோணித் தத்துவம் எழுதுவித்தற்காகக் கடவுச்சீட்டின் படத்தையும் உறுதியின் படத்தையும் வாட்ஸ்அப் வழியே அனுப்புகின்றனர். ஒருவரின் கையொப்பமும் அடையாள இலக்கமும் காணியின் எல்லை விபரமும் ஒரே இடத்திற் குவிந்திருப்பின், கள்ள உறுதி எழுதுவோனுக்கு வேறென்ன வேண்டும்?

இவை வெறுங் கற்பனையல்ல. பனாமா நாட்டின் மொசாக் பொன்சேகா என்னும் சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த ஏறத்தாழ 1 கோடியே 15 இலட்சம் ஆவணங்கள் 2016இல் உலகெங்கும் பேசப்பட்டன. அவற்றாற் பல முறைகேடுகள் வெளிப்பட்டது உண்மையே; எனினும், தன் கோப்புகளைக் காக்க இயலாத அந்நிறுவனம் 2018இல் மூடப்பட்டது. இங்கிலாந்தின் டக்கர்ஸ் என்னும் சட்ட நிறுவனத்தின் 9 இலட்சத்து 72 ஆயிரத்திற்கு மேற்பட்ட கோப்புகள் 2020 ஓகஸ்டிற் கப்பக் கள்வராற் பூட்டப்பட்டன. 60 வழக்குத் தொகுப்புகள் வெளியிடப்பட்டன. அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் 2022இல் அந்நிறுவனத்திற்கு 98,000 பவுண் தண்டம் விதித்தார். அவர் கண்ட குறைகள் மூன்று: நுழைவுக்கு இரட்டைச் சரிபார்ப்பு இல்லை, மென்பொருளின் ஓட்டையை அடைக்குந் திருத்தம் ஐந்து மாதம் பிந்தியது, பழைய கோப்புகள் மறையாக்கஞ் செய்யப்படவில்லை. நம் நாட்டிலும் 2023 ஓகஸ்டில் அரச கணினி முகில் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. இணைப்பினின்றும் பிரித்து வைத்த பிரதி அக்காலத்திற்கு இல்லாமையே அவ்விழப்பின் காரணம்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. அனுமதியின்றிக் கணினியுட் புகுதல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். பிறர் தரவை வைத்திருப்போர் அதனைக் காக்குங் கடமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. ஆயினும், வெளியே சென்றுவிட்ட இரகசியத்தை எந்தத் தண்டமும் மீட்டுத் தராது. ஆதலின், வருமுன் காத்தலே தக்கது.

அதற்குரிய வழிகள் அரியன அல்ல. ஒவ்வொரு பணியாளருக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும் அதன்மேல் இரட்டைச் சரிபார்ப்பும் வேண்டும். மென்பொருட் திருத்தங்களை வந்தவுடன் ஏற்றல் வேண்டும். மடிக்கணினி தொலைந்தாலும் பிறர் படிக்கவியலாதவாறு மறையாக்கஞ் செய்தல் வேண்டும். வங்கிக் கணக்கு மாறியதென அஞ்சல் வரின், முன்னரே அறிந்த தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேட்டல் வேண்டும். பணி முடிந்தபின் தேவையற்ற படங்களைக் கைத்தொலைபேசியினின்றும் நீக்கல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று பிரதிகள் வைத்து, அவற்றுள் ஒன்றை இணைப்பின்றி வேறிடத்திற் காத்தல் வேண்டும். கணினி வல்லுநர் இன்று கூறும் இவ்விதி, நொத்தாரிசு முறை நூறாண்டுக்கு முன்னரே கைக்கொண்ட விதியன்றோ!

உறுதியை உரப்பையிற் சுற்றி நெஞ்சோடணைத்து நடந்த மக்கள் வாழும் மண் இது. அவர்கள் இன்று அதனைச் சட்டத்தரணியின் மேசைமேல் வைக்கும்போது தாளை மட்டும் வைப்பதில்லை, நம்பிக்கையையும் வைக்கின்றனர். நாளை சட்டம் பயிலவும் கணினி பயிலவும் செல்லவிருக்கும் நம் மாணவர் இரு துறையினராயினும், அந்நம்பிக்கையைக் காக்கும் கடமையில் ஒரு துறையினரே என்பதை உளங்கொள்வாராக.