வாத்தியாருக்கு டிப்ஸ் கொடுக்கலாமா?

ஓட்டலில் காபி குடித்தால் தட்டில் 10 ரூபாய் வைக்கத் தெரிகிறது. முடி வெட்டிக்கொண்டால் 20. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் தலையைச் சொறிந்தால் 30. ஆனால் நம் முதுகிலேயே சிலிண்டரை மாட்டி, கையைப் பிடித்துக் கடலுக்கடியில் கூட்டிப் போய், உயிரோடு திருப்பிக் கொண்டு வந்து விடுகிறவருக்கு எவ்வளவு?

'பி.காம். படித்தவராச்சே, நீங்களே சொல்லுங்க' என்று என்னைக் கேட்டார்கள். திருதிருவென்று முழித்தேன்.

கேட்டது என் மச்சினனும் அவனுடைய ஆபீஸ் நண்பர்கள் 6 பேரும். சென்னையிலிருந்து ஸ்கூபா டைவிங் செய்ய வந்திருந்தார்கள். "மாமா, நீங்களும் வாங்க, எட்டுப் பேர்னா கணக்கு சரியா இருக்கும்" என்று இழுத்தான். நான் பாண்டியில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் பீச் ரோடு சுவரில் உட்கார்ந்து, சுண்டலோடு சேர்த்துக் கடலைப் பார்ப்பதோடு சரி. தலைக்கு 6,000 ரூபாய். என் பங்கை மச்சினன் கட்டுகிறான் என்றதும் வீரம் வந்துவிட்டது.

முதல் நாள் நீச்சல் குளத்தில் பாடம். சொல்லிக் கொடுத்தவர் மீனவக் குப்பத்து இளைஞர். வயது 25 இருந்தால் அதிகம். எல்லோரும் 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து ஆளையே முடித்துவிடும். அதனால் மூச்சை மட்டும் நிறுத்தாதீங்க என்று பத்துத் தடவை சொன்னார். முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை.

மறுநாள் காலை 6 மணிக்குத் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து படகு கிளம்பியது. கரை மறைந்ததும் குழுவிலேயே பெரிய அதிகாரி ஒருவர் மாஸ்டர் கையில் 500 ரூபாய் நோட்டை அழுத்தினார்.

"டெம்பிள் ரீஃப்னு ஏதோ இருக்காமே, 18 மீட்டராம். அடி வரைக்கும் காட்டிடுங்களேன்!"

மாஸ்டர் நோட்டை மடித்து அவர் பையிலேயே வைத்தார். "மேல வந்தப்புறம் குடுங்க சார், சந்தோஷமா வாங்கிக்கறேன். இப்பக் குடுத்தா வேணாம். வீட்ல உங்களை எண்ணித்தான் அனுப்பியிருப்பாங்க."

அந்த ஒரு பதிலில் எனக்கு டிப்ஸின் முதல் பாடம் கிடைத்தது. பின்னால் கொடுத்தால் இனாம். முன்னால் கொடுத்தால் லஞ்சம். ரேஷன் கடையில் லஞ்சம் கொடுத்தால் அரிசிதான் போகும். கடலில் கொடுத்தால் ஆளே போய்விடுவார்!

நானும் இறங்கினேன். மஞ்சள் வரி போட்ட மீன் கூட்டம் ஒன்று மூக்கை உரசிக்கொண்டு போனது. ஆனந்தம் தாங்காமல் 'சூப்பர்' என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த நிமிடம் என்னை மெதுவாக மேலே கொண்டு வந்துவிட்டார் மாஸ்டர். "மேல போகணும்னு காட்டினீங்களே சார்!" தண்ணிக்குள் கட்டைவிரலுக்கு அர்த்தம் அதுதானாம். 'நல்லா இருக்கேன்' என்று சொல்ல, விரலை வளையமாக வைக்க வேண்டும். அதிகாரியோ நிஜமாகவே விரலைத் தூக்கினார். 9 மீட்டரிலேயே காது வலி.

கரைக்கு வந்ததும் பட்டிமன்றம் ஆரம்பமானது. "6,000 கட்டியாச்சே, அப்புறம் என்ன?" என்றார் ஒருவர். "அமெரிக்காவில் 10, 20 சதவீதம் கொடுப்பாங்க" என்றார் இன்னொருவர். "வாத்தியாருக்கு யாராவது டிப்ஸ் கொடுப்பாங்களா? கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்தோமா?" என்றார் மூன்றாமவர். (அவர் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் கணக்குப் படிக்கவில்லை.)

கடைசியில் ஆளுக்கு 300 வீதம் 2,400 ரூபாயை மாஸ்டர் கையில் கொடுக்கப் போனான் மச்சினன். அப்போதுதான் கவனித்தேன். படகோட்டி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைச் சுருட்டினார். சிலிண்டர் தூக்கிய பையன் குனிந்து நாங்கள் கழற்றிப் போட்ட உடைகளை அலச ஆரம்பித்தான். ஒரு சிலிண்டர் வெறுமனே 14 கிலோ. காலையிலிருந்து எத்தனையை ஏற்றி இறக்கியிருப்பான்!

"எல்லாருக்கும் போகுமா?" என்று மாஸ்டரிடமே கேட்டுவிட்டேன். சிரித்தார். "ஆபீஸ்ல பெட்டி இருக்கு சார். அதுல போட்டா பங்கு பிரியும். கையில குடுத்தா... கை சும்மா இருக்குமா?"

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. படகில் மீன் வந்தால் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பது மீனவர் வழக்கம். வெளிநாட்டிலும் பல நாள் கப்பலிலேயே தங்கி டைவ் அடிக்கிறவர்கள், கடைசி நாளில் சமையல்காரர் வரை எல்லோருக்கும் பொதுவாகக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். ஜப்பானில் கதையே வேறு. டிப்ஸ் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எதிர்வீட்டு சொல்தா தாத்தாவிடம் கேட்டேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். "பிரான்சில் சர்வீஸ் பில்லிலேயே சேர்ந்திடும். மேலே கொடுக்கிறதுக்குப் பேரு பூர்புவார். 'குடிக்கிறதுக்கு'ன்னு அர்த்தம்" என்றார். பாண்டிக்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா!

நம் நாட்டில் ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆக, டிப்ஸ் என்பது மனசு சம்பந்தப்பட்டது. கட்டாயமில்லை.

மனசு இருப்பவர்களுக்கு என் கணக்கு இது. கட்டணத்தில் 5 முதல் 10 சதவீதம். குழுவாகச் சேர்த்து, யார் யாருக்குப் பங்கு என்று கேட்டு, பெட்டியில் போடுங்கள். கடல் கலங்கி மீன் தெரியவில்லை என்று குறைக்காதீர்கள். கடல் மாஸ்டர் வீட்டுத் தொட்டி அல்ல. 'இன்னிக்கு வேணாம் சார்' என்று பாதியில் மேலே கொண்டு வந்தாரா? யோசிக்காமல் கொடுங்கள். அலட்சியமாக இருந்தாரா? டிப்ஸும் வேண்டாம், வாயும் மூட வேண்டாம், புகார் கொடுங்கள்.

பெட்டியில் போடும்போது பார்த்தேன். அதிகாரி யாருக்கும் தெரியாமல் அதே 500 ரூபாய் நோட்டைத் தனியாகப் போட்டார்.

என் பங்கு 300 மட்டும் என் சொந்தப் பணம். வீட்டுக்கு வந்து நோட்டில் பற்று எழுதினேன். எந்தத் தலைப்பில் எழுதுவது? 'சில்லறைச் செலவு' என்று எழுதி அடித்தேன். 'போய் வந்த செலவு' என்று எழுதி, 'வந்த' என்ற வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.