திறந்தாலே திருட்டு: பிடிஎஃப் கோப்பும் அரசு ரகசியமும்

புது தில்லி: நாடாளுமன்றத்தில் காகிதக் கட்டுகளின் இடத்தைக் கணினிக் கோப்புகள் பெருமளவுக்குப் பிடித்துவிட்டன. 2021-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையே அச்சிடப்படாமல் மின்னணு வடிவில்தான் உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டது. மசோதா, வினா-விடை, நிலைக்குழு அறிக்கை என எதுவானாலும் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து காட்டும் மென்பொருளிலேயே ஓட்டை இருந்தால் என்ன நேரும் என்பதை இந்தியா முன்பே பட்டறிந்திருக்கிறது.

2009 டிசம்பர் 15-ஆம் தேதி தனது அலுவலகமும் வேறு சில அரசுத் துறைகளும் இணையத் தாக்குதலுக்கு இலக்கானதாக அப்போதைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், லண்டன் "டைம்ஸ்' நாளிதழுக்கு அளித்த பேட்டியில் தெரிவித்தார். மின்னஞ்சலுடன் வந்த பிடிஎஃப் கோப்பில் உளவு நிரல் ஒளிந்திருந்தது. அவர் சீனாவைச் சுட்டிக்காட்டினார், சீனா மறுத்தது.

அடுத்த சில மாதங்களில், 2010 ஏப்ரலில், டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை இன்னும் அதிர்ச்சி அளித்தது. காபூல், மாஸ்கோ இந்தியத் தூதரகங்களின் கணினிகள் ஊடுருவப்பட்டிருந்தன. திருடப்பட்ட கோப்புகளில் "ரகசியம்' என முத்திரையிடப்பட்ட இரண்டு ஆவணங்கள் இருந்தன. தர்மசாலாவில் உள்ள தலாய் லாமா அலுவலகத்தின் சுமார் 1,500 கடிதங்களும் களவுபோயிருந்தன.

காகிதம் படிப்பவரை ஒன்றும் செய்யாது. பிடிஎஃப் அப்படியல்ல. அதற்குள் படங்கள், எழுத்துருக்கள், இயங்கும் நிரல்கள் எல்லாம் இருக்கலாம். திட்டமிட்டுக் கோணலாக அமைக்கப்பட்ட ஒரு பகுதியைப் படிக்கும்போது மென்பொருள் தடுமாறினால், தாக்குபவரின் நிரல் கணினியில் ஓடத் தொடங்கிவிடும். பயனாளர் கண்ணுக்குத் தெரிவதோ வழக்கமான சுற்றறிக்கைதான்.

நாராயணன் குறிப்பிட்ட அதே 2009 டிசம்பரின் மத்தியில், அடோபி ரீடரில் இருந்த ஓர் ஓட்டையைத் தாக்குதல்காரர்கள் பயன்படுத்துவது வெளிச்சத்துக்கு வந்தது. அதை அடைக்கும் திருத்தம் 2010 ஜனவரி 12-ஆம் தேதிதான் வெளியானது. இடைப்பட்ட நான்கு வாரங்கள் ஜாவாஸ்கிரிப்ட் வசதியை நிறுத்திவைப்பதே முக்கியமான தற்காப்பாக இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த ரீடர் 10-ஆம் பதிப்பில்தான், கோப்பைத் தனி அறைக்குள் பூட்டிவைத்துத் திறப்பது போன்ற பாதுகாப்பு முறை சேர்க்கப்பட்டது.

ஆபத்து அத்துடன் ஒழியவில்லை. 2021-இல் பெகாசஸ் விவகாரத்தால் மழைக்கால கூட்டத்தொடர் முடங்கியது நினைவிருக்கலாம். அவ்வாண்டு செப்டம்பரில், ஐபோன்களுக்குள் பெகாசஸ் நுழையப் பயன்பட்ட ஒரு வழி அம்பலமானது. படம்போல் பெயரிட்டு அனுப்பப்பட்ட பிடிஎஃப் கோப்புதான் அது. பயனாளர் அதைத் தொடக்கூடத் தேவையில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தகவல் தொழில்நுட்பத் திருத்த மசோதா 2008 டிசம்பர் 22-இல் மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. கணினி அவசரநிலைக் குழுவான "செர்ட்-இன்' அதன் மூலம் சட்ட அங்கீகாரம் பெற்றது. ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரலில் அக்குழு உத்தரவிட்டது. ஆனால், இது களவுபோன பிறகு மணியடிக்கும் ஏற்பாடு. கதவைத் தாழிடுவது வேறு வேலை.

அந்த வேலை கடினமானதல்ல. திருத்தங்கள் வெளியான உடனே கணினியில் சேர்க்க வேண்டும். தேவையற்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியை நிறுத்த வேண்டும். எதிர்பாராமல் வந்த இணைப்பை, அனுப்பியவரிடம் தொலைபேசியில் உறுதிசெய்த பின்னரே திறக்க வேண்டும். அன்றாடப் பணிக்கு நிர்வாகி உரிமை கொண்ட கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. ரகசியக் கோப்புகளை இணையத் தொடர்புள்ள கணினியில் வைக்கவே கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய கணினிகள் குறித்துக் கூடுதல் கவனம் தேவை.

எந்த அமைச்சகத்தில் எத்தனைக் கணினிகள் திருத்தப்படாத மென்பொருளுடன் ஓடுகின்றன? ஒரு திருத்தம் வெளியானால் அது கடைசிக் கணினியைச் சென்றடைய எத்தனை நாளாகிறது? கேள்வி நேரத்தில் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய வினாக்கள் இவை. ரகசியத்தைக் காக்கும் பொறுப்பை, விவாதமின்றி நிறைவேறிய ஒரு சட்டத்திடம் மட்டும் விட்டுவிட முடியாது.