அடி விழாத வீட்டிலிருந்து

லண்டனின் மேற்கே ஹவுன்ஸ்லோவில், கணவன் கை ஓங்காவிடினும் அவனது கூச்சலுக்கும், வீட்டுச் செலவுக்குப் பணம் மறுத்த கொடுமைக்கும் அஞ்சி, இரு குழந்தைகளுடன் வெளியேறிய பெண் ஒருத்திக்கு, அடி விழாதபோது வேறு வீடு எதற்கு என்ற ரீதியில் நகராட்சி மன்றம் உதவி மறுத்தது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றமோ, நீதிபதி ஹேல் சீமாட்டியின் தீர்ப்பின் வாயிலாக, மனத்தைச் சிதைக்கும் துன்புறுத்தலும் வன்முறையே என்று ஸ்தாபித்தது. எத்தனை இல்லங்களின் மௌன வேதனைக்குக் கிட்டிய அங்கீகாரம் அது!

2021ஆம் ஆண்டின் குடும்ப வன்கொடுமைச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்சென்று, இக்கொடுமையால் வீடிழந்தவர் பிள்ளையில்லாதவராயினும், திடகாத்திரராயினும், இங்கிலாந்தில் மன்றங்களின் உதவிக்கு முன்னுரிமை உடையவர் என்றது. அபாயம் காத்திருக்கும் வட்டாரத்துக்கே அவரைத் திருப்பியனுப்பவும் சட்டம் இடந்தராது. மன்ற வீட்டில் ஆயுட்கால வாடகை உரிமை பெற்றிருந்தவருக்கு, இக்காரணத்தால் மன்றம் புதுவீடு அளிக்கையில், அவ்வுரிமையும் தொடர வேண்டும்.

நம்மவர் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்றுண்டு. கணவனின் விசாவை நம்பிக் கடல் கடந்து வந்து, பொதுநிதிக்கு உரிமையின்றி, வெளியேறினால் வீதிதான் என்று சகித்திருக்கும் பெண்ணும், உள்துறை அமைச்சகத்திடம் விண்ணப்பித்து, மூன்று மாத காலம் அரசின் வீட்டு உதவி பெறும் விசேஷ அனுமதியை நாடலாம். அதற்குள் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்ய இயலுமா என்பதை வழக்கறிஞரிடம் தாமதமின்றிக் கேட்டறிவது அவசியம்.